பருப்பு வேகும் தண்ணீரில் பனித் தேயிலை

காலை 6.40. பெரம்பலூர் புதிய பேருந்து நிலையத்தில் இறங்கியபோது தை மாதத்துப் பனி இன்னும் கலையவில்லை. முந்தின நாள் குன்னூரில் கிளம்பி, மேட்டுப்பாளையம், கோவை என்று மாறி மாறி ஏறி, திருச்சியில் சித்தி மகள் வீட்டில் தூங்கி, விடியும் முன்பே இந்தப் பேருந்தைப் பிடித்திருந்தேன். திருச்சியிலிருந்து அறுபது கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு, ஒன்றேகால் மணி நேரம். வழி முழுக்க என் மடியில் ஒரு துணிப்பை. கண்டக்டர் இரண்டு முறை மேலே வைக்கச் சொல்லியும் நான் கேட்கவில்லை.

பைக்குள் ஐந்து தகர டப்பாக்கள். எங்கள் நீலகிரியில் இந்தக் குளிர்காலத்தில் எடுத்த ஐந்து வகைத் தேயிலை. தூள் இல்லை, முழு இலை. பருவத்துக்கு ஒரு முறை சிறு விவசாயிகளிடம் நல்ல இலையாகப் பார்த்து எடுத்து, டப்பாவில் அடைத்து, ஊர் ஊராகக் கொண்டுபோய் அறிமுகம் செய்வது என் தொழில். மூன்று வருடமாகச் செய்கிறேன். இன்னும் பித்துப்பிடித்தவள் என்றுதான் வீட்டில் சொல்கிறார்கள்.

ஐந்தில் நான் பெருமையடித்துக்கொள்வது பனித் தேயிலையைப் பற்றித்தான். உறைபனி விழுந்த காலைகளில் கையால் கொழுந்து பறித்துச் செய்வது. கோத்தகிரிப் பக்கம் இரண்டு ஏக்கர் வைத்திருக்கும் போஜன் அண்ணன், என் பேச்சைக் கேட்டு முதல்முறையாக அதில் இறங்கினார். கத்தரி வைத்து வெட்டித் தொழிற்சாலைக்குப் போடுவதை நிறுத்திவிட்டு, தானே பறித்து, வீட்டுக்குப் பின்னால் ஒரு கொட்டகை போட்டுத் தானே உருட்டி உலர்த்தினார். மொத்தம் பதினோரு கிலோ வந்தது. அது போகாவிட்டால் ஞாயிற்றுக்கிழமை கத்தரி ஆட்களை வரச் சொல்லிவிடுவதாகச் சொல்லியிருந்தார். நான் பெரம்பலூரில் நின்றது வெள்ளிக்கிழமை.

நிலையத்துக்கு வெளியே ஒரு டீ குடித்தேன், பன்னிரண்டு ரூபாய். பித்தளை பாய்லர், கொதிக்கக் கொதிக்கப் பால், நாக்கைச் சுடும் இனிப்பு. குளிருக்கு அமிர்தமாக இருந்தது. தொழில் புத்தி சும்மா இருக்குமா? டப்பாவைத் திறந்து டீ மாஸ்டரிடம் காட்டினேன்.

“என்னங்கம்மா, டீத்தூளுங்கிறீங்க, தூளே இல்லையே?”

“இலைங்க. பால் ஊத்தக் கூடாது. சீனி வேண்டாம். கொதிக்கவும் விடக் கூடாது, மூணு நிமிஷம் ஊறினா போதும்.”

அவர் டப்பாவை என்னிடமே பவ்யமாகத் திருப்பிக் கொடுத்தார். “பாலு வேணாம், சீனி வேணாம், கொதிக்கவும் வுடக் கூடாது. அப்பறம் டீக்கடை எதுக்குங்கம்மா?”

பக்கத்தில் நின்ற நான்கு பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டேன்.

காலை 9.30. வரச் சொல்லியிருந்த மளிகைக் கடைக்காரர் டப்பாக்களை ஒவ்வொன்றாக முகர்ந்து பார்த்தார். மணம் பிரமாதம் என்றார், காபியும் வாங்கிக் கொடுத்தார். பிறகு, “நம்ம ஊர்ல இது போவாதும்மா, தப்பா நெனக்காதீங்க” என்றார். தப்பாக நினைக்கவில்லை. நேரடியாகச் சொன்னாரே என்று நன்றியாகக்கூட இருந்தது. ஆனால் மீதி இருந்தது ஒரே ஒரு கடை, அரியலூரில்.

காலை 10.15. அரியலூர்ப் பேருந்து. முப்பது கிலோமீட்டர், ஒரு மணி நேரம். இரண்டு பக்கமும் பருத்தி, அறுத்து முடிந்த மக்காச்சோளக் காடு. எதிரே சுண்ணாம்புக்கல் ஏற்றிய லாரிகள் வந்துகொண்டே இருந்தன. சாலையோரச் செடிகளின் இலையெல்லாம் வெள்ளையாகப் படிந்து கிடந்தது. வாரணவாசியில் ஒரு அருங்காட்சியகப் பலகை தெரிந்ததும் கண்டக்டரிடம் விசாரித்தேன்.

“கல்லாப் போன சிப்பி, நத்தையெல்லாம் வச்சிருக்காங்கம்மா. இந்த ஊரே ஒரு காலத்துல கடலாம். அந்தச் சிப்பியெல்லாம் சேந்துதான் சுண்ணாம்புக்கல்லு. அதைத் தோண்டித்தான் சிமெண்ட்டு. எங்க ஊர்ல வூடு கட்டுறதும் அதுலதான், வூடு ஓடுறதும் அதுலதான்.”

எவ்வளவு சுவாரசியமான மனிதர் என்று நினைத்துக்கொண்டேனே தவிர, அவர் என் தொழிலைப் பற்றித்தான் பேசுகிறார் என்பது மண்டையில் ஏறவில்லை.

காலை 11.30. அரியலூரில் தமிழ்ச்செல்வி ஸ்கூட்டருடன் காத்திருந்தார். முப்பத்தைந்து வயதிருக்கும். செக்கு எண்ணெயும் பாரம்பரிய அரிசியும் விற்கும் சின்னக் கடை. போனில் மட்டுமே பேசியிருந்தோம். இறங்கியதும் என் கையிலிருந்த பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டார்.

“சாயங்காலம் நாலு மணிக்குப் பன்னெண்டு பேர வரச் சொல்லியிருக்கேங்கக்கா. எல்லாம் நம்ம வாடிக்கைதான். அவங்களுக்குப் புடிச்சிட்டா நான் கண்ண மூடிக்கிட்டு எடுத்துப்பேன்.”

அதற்கு முன்னால் ஒரு ஒத்திகை பார்த்துவிடலாம் என்று கடையின் பின்னறையில் மின்அடுப்பை வைத்தேன். ஓரத்தில் கேன் தண்ணீர் இருந்தது. தமிழ்ச்செல்வி அதைச் சாய்க்கப் போனார். நான் தடுத்தேன். என் துண்டுப் பிரசுரத்திலேயே கொட்டை எழுத்தில் அச்சடித்திருக்கிறேன்: ‘எந்த ஊரோ, அந்த ஊர்த் தண்ணீரிலேயே போடுங்கள்.’ கேன் தண்ணீரில் போடுவது எனக்குக் கௌரவக் குறைச்சல். குழாயைத் திறந்து பிடித்தேன்.

மூன்று நிமிடம் கழித்துப் பார்த்தேன். எலுமிச்சைத் தேன் நிறத்தில் பளிச்சென்று இருக்க வேண்டிய பனித் தேயிலை, கலங்கிப் போய்ச் சேற்றுப் பழுப்பில் நின்றது. மேலே எண்ணெய் போல ஒரு ஆடை. மணம் இல்லை. வாயில் வைத்தால் சிலேட்டை நக்கியது போல இருந்தது. இரண்டாவது டப்பா, மூன்றாவது என்று போட்டுப் பார்க்கும் பொறுமை எனக்கு இல்லை. கோபம்தான் வந்தது. உடனே போஜன் அண்ணனுக்குப் போன் போட்டேன்.

“அண்ணா, சரியாக் காய வைக்கலையா? ஈரத்தோட கட்டிட்டீங்களா? பன்னெண்டு பேர் வராங்க, என் மானமே போகுது” என்று மூச்சு விடாமல் பொரிந்து தள்ளினேன்.

 “ரெண்டு தடவை காய வச்சேம்மா” என்றார் அவர். “சரி விடுங்க. நமக்கு இது வராது போல. மீதிய நானே வச்சுக்கறேன்.” வைத்துவிட்டார். எதிர்த்து ஒரு வார்த்தை பேசியிருந்தாலாவது எனக்குச் சமாதானமாக இருந்திருக்கும்.

மதியம் 1.15. “மொதல்ல சாப்புடுங்கக்கா, அப்பறம் யோசிப்போம்” என்று தமிழ்ச்செல்வி கல்லங்குறிச்சியில் உள்ள தன் வீட்டுக்கு அழைத்துப் போனார். டவுனிலிருந்து ஐந்து கிலோமீட்டர். பெருமாள் கோயிலைத் தாண்டி இரண்டாவது தெரு. எனக்குச் சோறு இறங்கும் நிலை இல்லை. சாம்பாருக்குப் பருப்பு வேக வைக்கிறேன் என்று அவர் குக்கரை எடுக்க, உதவியாக இருக்கட்டுமே என்று நான் பக்கத்திலிருந்த எவர்சில்வர் குடத்தில் சொம்பை விட்டேன்.

“ஐயோ அக்கா, அது இல்ல! அது போர் தண்ணி. அதுல மூணு மணி நேரம் வச்சாலும் பருப்பு வேவாது. முத்து முத்தா அப்படியே நிக்கும். இந்தப் பித்தளைக் குடத்துல இருக்கு பாருங்க, கொள்ளிடத்துத் தண்ணி. ஒரு நாள் வுட்டு ஒரு நாள் பைப்புல வரும். பருப்புக்கும் குடிக்கவும் மட்டும்தான் இத எடுப்போம்.”

“எல்லா வீட்லயுமா?”

“எல்லா வூட்லயும் ரெண்டு குடம்தாங்கக்கா. பூமிக்கடியில சுண்ணாம்பா கெடக்குல்ல? நம்ம கடைப் பைப்புலயும் இதே போர் தண்ணிதான்.”

சொம்போடு அப்படியே நின்றேன். கண்டக்டர் காலையில் சொன்ன சிப்பியும் நத்தையும் அப்போதுதான் வந்து சேர்ந்தன. பருப்பையே வேக விடாத தண்ணீரில் பனிக்கொழுந்தைப் போட்டுவிட்டு, ஒரு மனிதரின் இரண்டு மாத உழைப்பைப் போனில் திட்டியிருக்கிறேன். வெட்கமாக இருந்தது. குழம்பு தாளிப்பதற்குள் பித்தளைக் குடத்துத் தண்ணீரில் ஒரு கோப்பை போட்டேன். தேன் நிறம். மல்லிகையும் மலைத்தேனும் கலந்த அதே மணம். தமிழ்ச்செல்வி ஒரு வாய் குடித்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

போஜன் அண்ணனுக்குப் போன் போட்டேன். எடுக்கவில்லை. தோட்டத்துப் பள்ளத்தில் டவர் கிடைக்காது. மறுபடி போட்டேன். அதே கதை.

அடுத்த சிக்கல், குடத்தில் பாதித் தண்ணீர்கூட இல்லை. இனி மறுநாள் காலைதான் குழாயில் வரும். பன்னிரண்டு பேருக்கு ஐந்து வகை. இந்த முறை கேன் தண்ணீருக்கு நானே தயாராகிவிட்டேன், பிடிவாதமெல்லாம் கரைந்திருந்தது. தமிழ்ச்செல்விதான் கேட்கவில்லை. சாப்பிட்ட கையைக் கழுவியதும் போனை எடுத்து, வரப்போகும் பன்னிரண்டு பேருக்கும் ஒரே சேதி சொன்னார்: “வரப்ப ஆளுக்கு ஒரு பாட்டிலு பருப்பு வேவுற தண்ணி கொண்டாந்துருங்க.”

மாலை 4.00. இதுவரை எத்தனையோ ஊர்களில் தேயிலை அறிமுகம் செய்திருக்கிறேன். விருந்தாளிகள் தண்ணீர் கொண்டுவந்து பார்த்ததில்லை. ஒருவர் குழந்தையின் பள்ளிக்கூட பாட்டிலில், ஒருவர் மூடி போட்ட சொம்பில், விக்கிரமங்கலத்திலிருந்து பஸ் ஏறி வந்தவர் இரண்டு லிட்டர் பாட்டிலில். “எங்க ஊருக் கெணத்துத் தண்ணிங்க. பருப்பு பத்து நிமிசத்துல மசிஞ்சிரும்” என்று அவர் பெருமையோடு நீட்டினார். ஏன் எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. கடைக்காரி கேட்டாள், கொண்டுவந்தார்கள்.

வெள்ளைக் கொழுந்தில் தொடங்கினேன். “வெந்நி மாதிரிதான் இருக்கு” என்றார் ஒருவர். இன்னொருவர், “முழுங்கின பொறவு இனிக்குது பாரு” என்றார். பச்சைத் தேயிலைக்கு முருங்கைக்கீரைச் சாறு என்று பெயர் வைத்தார்கள். பாதி மட்டும் பதப்படுத்திய ஊலாங்கில் வறுத்த கடலை வாசம் வருகிறது என்று ஒரு டீச்சர் சொன்னார், அது மிகச் சரி. கறுப்புத் தேயிலைக்குப் பால் ஊற்றிப் பார்த்தே ஆக வேண்டும் என்று அடம்பிடித்தார்கள். அந்த ஒன்றுக்கு விட்டுக்கொடுத்தேன். கடைசியாகப் பனித் தேயிலை ஊற்றினேன்.

முதலில் பேசியவர் நஜ்மா. லெப்பைக்குடிக்காட்டுக்காரர், அரியலூரில் வாழ்க்கைப்பட்டவர். “மாஷா அல்லாஹ்! எங்க வூட்ல அவங்க சார்ஜாவுலேருந்து வந்தா சுலைமானிதான், பால் டீயத் தொடவே மாட்டாங்க. அடுத்த மாசம் திரும்பிப் போறப்ப எத்தன டப்பா தருவீங்க?” உடனே அவருக்கே ஒரு சந்தேகம் வந்தது. “ஆனா அக்கா, அங்க எந்தத் தண்ணில பருப்பு வேவும்னு யாருக்குத் தெரியும்?”

“மச்சானயே வேக வச்சுப் பாக்கச் சொல்லு” என்றார் டீச்சர். அறையே சிரித்தது.

கலைந்து போகும்போது தமிழ்ச்செல்வி சொன்னார்: “பதினோரு கிலோவையும் எனக்கே வச்சிருங்கக்கா. வேற யாருக்கும் வாக்குக் குடுத்துறாதீங்க.” நான் கைகூப்பினேன்.

மாலை 6.30. அரியலூர் ரயில் நிலையம், திருச்சி வண்டிக்கு இருபது நிமிடம். ஏழாவது முறையாகப் போட்டதில் போஜன் அண்ணன் எடுத்தார்.

“அண்ணா, உங்க இலையில ஒரு குத்தமும் இல்ல. தண்ணி. நான்தான் யோசிக்காம வாய்க்கு வந்தபடி பேசிட்டேன். மன்னிச்சிருங்க. எல்லாமே போயிடுச்சு, பதினோரு கிலோவும்.” நடந்ததை முழுக்கச் சொன்னேன்.

அவர் பொறுமையாகக் கேட்டார். “போன வச்சப்பறம் அதே மூட்டையிலேர்ந்து எடுத்துப் போட்டுக் குடிச்சேம்மா. நல்லாத்தான் இருந்துச்சு. நீங்க சொன்னா சரியாத்தானே இருக்கும், என் நாக்குதான் போயிடுச்சு போலன்னு நெனச்சுக்கிட்டேன்.”

நடைமேடை இருக்கையில் உட்கார்ந்துவிட்டேன். அவர் என்னைச் சந்தேகப்படவே இல்லை. 

“கத்தரி ஆளுங்கள வரவேணாம்னு சொல்லிடறேன்” என்றார் அவரே. “அந்தத் தண்ணி ஒரு பாட்டில் கொண்டாங்க. எப்படித்தான் இருக்குன்னு பாத்துடலாம்.”

அதை அவர் கேட்பதற்கு முன்பே பிடித்து வைத்திருந்தேன். காலி டப்பாக்களுக்கு நடுவே, கடைக் குழாயில் பிடித்த ஒரு லிட்டர் போர் தண்ணீர். பனித் தேயிலையை மடியில் வைத்துக் கொண்டுவந்தது போலவே அதையும் மலைக்குக் கொண்டுபோனேன்.

எங்கள் வீட்டில் ஒரே குடம்தான். குளிக்க, குடிக்க, பருப்புக்கு, தேயிலைக்கு எல்லாம் ஒரே ஊற்று. தண்ணீரில் வகை உண்டு என்று நினைத்துப் பார்க்க எனக்கு ஒரு காரணமும் இருந்ததில்லை. ஞாயிற்றுக்கிழமை போஜன் அண்ணன் கொட்டகையில் அரியலூர் போர் தண்ணீரைச் சூடாக்கிப் பனித் தேயிலையை ஊற வைத்தோம். அதே பழுப்பு, அதே ஆடை. ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தார். “இதக் குடிச்சா நானும்தான் திட்டியிருப்பேன்” என்றவர், கோப்பையைக் கீழே வைக்காமல் கடைசிச் சொட்டு வரை குடித்தார்.

பிரசுரத்தில் அந்தக் கொட்டை எழுத்து வரியை இப்போது மாற்றிவிட்டேன்: ‘உங்கள் வீட்டில் எந்தத் தண்ணீரில் பருப்பு வேகுமோ, அந்தத் தண்ணீரில் போடுங்கள். தெரியாவிட்டால் பக்கத்து வீட்டில் கேளுங்கள், தருவார்கள்.’