மருந்து அறைக்குள் கேட்ட கேள்வி

இன்று நான் செய்த தவறை நானே எழுதிவிடுகிறேன்.

தாயில்பட்டிப் பக்கம் ஒரு பட்டாசு ஆலையில் நான் ஃபோர்மேன். பொறி கிளம்பும் என்று மின்சாதனம் எதையும் உள்ளே விடமாட்டார்கள்; போனைத் தினமும் கேட்டிலேயே கொடுத்துவிடுவேன். மனைவி போன வாரம் வாங்கித்தந்த ஸ்மார்ட் வாட்ச் முழுக்கைச் சட்டைக்குள் இருந்ததை மறந்துவிட்டேன்.

கேட்டிலிருந்து வேகமாக நடந்து, வெடிமருந்து செலுத்தும் அறைக்குள் இரண்டடி வைத்ததும் மணிக்கட்டு அதிர்ந்தது. நான் உடற்பயிற்சி செய்வதாக வாட்ச் நினைத்துவிட்டது. நடையா, ஓட்டமா, எதைப் பதிவு செய்ய என்று கேட்டது.

அணைக்க விரலைக் கொண்டுபோனேன்.

"தொடாதீக தம்பி," என்றார் மருந்து செலுத்திக்கொண்டிருந்த ஈஸ்வரி அக்கா. குரலை உயர்த்தவில்லை. "ஓடவும் செய்யாதீக. வந்த மாதிரியே மெல்ல வெளிய போங்க."

அவரோடு இன்னும் மூன்று பெண்கள் இருந்தார்கள். நால்வரின் கைகளும் அப்படியே நின்றுவிட்டன.

கையை அசைக்காமல் வெறுங்காலோடு பின்வாங்கினேன். வாட்ச் இன்னொரு முறை அதிர்ந்தது.

கேட்டில் அதைக் கழற்றிக் கொடுத்தேன். முதலாளியிடம் நானே சொன்னேன். பிறகு அக்காவிடம் போய் மன்னிப்புக் கேட்டேன்.

"எம் மக பன்னெண்டாவது படிக்கா தம்பி," என்றார்.

மாலையில் வாட்சை வாங்கிப் பார்த்தேன். அந்த நேரத்தில் என் இதயத் துடிப்பு நூற்றைம்பதைத் தொட்டிருக்கிறது. நடந்தது என்னவோ ஆமை நடை. அதன் உடற்பயிற்சிப் பட்டியலில் ஓட்டம், நீச்சல், யோகா எல்லாம் இருக்கின்றன.

என் இடத்தில் இருந்தால் நீங்கள் எதைத் தேர்வு செய்வீர்கள்?