எத்தனை மணிக்கு?

பெங்களூர் காக்ஸ் டவுனிலிருந்து தினமும் கைனடிக் ஹோண்டா ஸ்கூட்டரில் வந்து இறங்கும் மரகதம் மேடத்துக்கு நாங்கள் வைத்திருந்த பெயர் ‘எத்தனை மணி’. முதுகுக்குப் பின்னால்தான் சொல்வோம், ஆனாலும் அவருக்குத் தெரியும். பத்து நிமிஷம் தாமதமாக வந்தவனிடம் அவர் கேட்கும் முதல் கேள்வி அது. சர்ச்சில் போதகர் பிரசங்கத்தை எத்தனை மணிக்கு முடித்தார் என்பதைக்கூட திங்கட்கிழமை வந்து எங்களுக்குச் சொல்லுவார்.

அவர் எங்கள் ஆஸ்பத்திரி லேபில் டெக்னீஷியன். நான் இளங்கோவன், அதே லேபின் ஜன்னலில் உட்கார்ந்து ரத்தக் குழாயை வாங்கிக்கொண்டு ரிப்போர்ட்டைக் கொடுப்பவன். எங்கள் ஆஸ்பத்திரியில் ரத்தக் குழாயைத் தூக்கிக்கொண்டு ஓடி வருவது நோயாளியின் வீட்டார்தான். ரிப்போர்ட்டை டாக்டரிடம் கொண்டுபோவதும் அவர்கள்தான். ஆகவே உலகத்தில் உள்ள அத்தனை அவசரமும் என் ஜன்னலில்தான் வந்து முட்டும்.

மாரடைப்பு வந்தால் இதயத் தசை அடிபட்டு, அதிலிருந்து சில பொருள்கள் ரத்தத்தில் கசியும். அந்தக் கசிவைக் கண்டுபிடிக்க எங்களுக்கு இரண்டாயிரமாவது வருஷம் ட்ரோபோனின் அட்டை வந்தது. ரத்தம் விட்டு இருபது நிமிஷம் காத்திருக்க வேண்டும். ஒரு கோடு வந்தால் நல்ல சேதி, இரண்டு கோடு வந்தால் மாரடைப்பு. எனக்கே புரிகிற அளவுக்குச் சுலபம் என்று நான் குதித்தபோது மேடம் என்னை முறைத்தார். கசிவு உடனே தெரியாதாம். நாலு மணி நேரமோ, சிலருக்கு ஆறு மணி நேரமோ ஆகுமாம். வலி வந்த கையோடு ஓடி வந்தவருக்கு, மாரடைப்பே வந்திருந்தாலும் அட்டை ஒரு கோடுதான் காட்டுமாம்.

அதனால் ஒவ்வொரு ரிப்போர்ட்டிலும் ‘ஆறு மணி நேரம் கழித்து மறுபடி பார்க்கவும்’ என்று கையால் எழுதினார். எங்கள் தலைமை டாக்டர் சீனிவாசராகவன் அதை அடித்தார். “முடிவை மட்டும் எழுதுங்கம்மா. மேல என்ன செய்யணும்னு வார்டு டாக்டருக்குத் தெரியும்.” மேடம் விடவில்லை. இரண்டு வாரம் மல்லுக்கு நின்று ஒரு சலுகை வாங்கினார். வலி வந்த மணி, ரத்தம் எடுத்த மணி, இரண்டையும் ரிப்போர்ட்டில் எழுதலாம். அந்த இரண்டு மணியையும் விசாரித்து எழுதும் வேலை யார் தலையில் விழுந்தது? என் தலையில்தான். அன்றிலிருந்து அவர்மேல் எனக்குக் காட்டமாகவே இருந்தது.

அடுத்த வருஷம் ஜூலை மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை, மூன்று மணி இருக்கும். ஒரு அம்மாள் ஒரு கையில் ரத்தக் குழாயும் இன்னொரு கையில் எவர்சில்வர் டப்பாவுமாக வந்து நின்றாள். ஒக்கலிபுரம், பெயர் சந்திரம்மா. கணவர் நாராயணசாமி, வயது நாற்பத்தாறு, பொம்மசந்திராவில் ஒரு கம்பெனியில் லோடிங் வேலை. நெஞ்சு வலி. ஈ.சி.ஜி.யில் தெளிவாக ஒன்றும் தெரியவில்லை, ரத்தத்தைப் பார்த்து முடிவு செய்யலாம் என்று கேஷுவாலிட்டி டாக்டர் அனுப்பியிருந்தார்.

“வலி எத்தனை மணிக்கு வந்துச்சு?” என்று கேட்டேன்.

“நேத்து ராத்திரி, சார். எட்டு மணி. வூட்லதான் வந்துச்சு.”

பாடம் ஒப்பித்த வேகத்தில் சொன்னாள். பின்னால் பதினைந்து பேர் நின்றார்கள். நான் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் எழுதிக்கொண்டேன்.

அட்டையில் ஒரு கோடு. பத்தொன்பது மணி நேரம் கழித்தும் ஒரு கோடு என்றால் பயமில்லை. மேடம் கையெழுத்துப் போட்டார், நான் ரிப்போர்ட்டை நீட்டினேன். சந்திரம்மா அதை இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டு, “நார்மலா சார்? வூட்டுக்குப் போலாமா?” என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக்கூட நிற்காமல் ஓடினாள். டப்பா ஜன்னலிலேயே இருந்தது.

மேடம் அதை நகர்த்தி வைக்க எடுத்தவர், கையில் வைத்தபடி நின்றார். “இளங்கோ, கனமா இருக்கே. யாருது?”

“இப்போ போனாங்களே, அவங்களுது.”

அடுத்தவர் டப்பாவைத் திறக்கலாமா என்றெல்லாம் யோசிக்கவில்லை. திறந்தே விட்டார். புளிச்சோறு, ஒரு முட்டை, ஓரத்தில் மாங்காய்த் துண்டு. ஒரு பருக்கை குறையவில்லை. மூடியில் ஆணியால் பொளித்த எழுத்து: நாராயணசாமி.

“நேத்து ராத்திரி வலி வந்த மனுஷன் இன்னிக்கு எதுக்கு வேலைக்கு டப்பா எடுத்துட்டுப் போனாரு? போனவரு ஏன் சாப்பிடல?”

“பசிச்சிருக்காது மேடம்,” என்றேன். நான் சொல்லி முடிப்பதற்குள் அவர் கதவைத் தாண்டியிருந்தார்.

ஐம்பத்திரண்டு வயது, நல்ல பூசிய உடம்பு. வெள்ளைக் கோட்டு பறக்க, கையில் புளிச்சோற்று டப்பாவுடன் வராந்தாவில் அவர் ஓடியதைப் பார்த்து வீல்சேர் தள்ளுகிறவர்கள் சுவரோரம் ஒதுங்கினார்கள். நானும் ஜன்னலைச் சாத்திவிட்டுப் பின்னாலேயே ஓடினேன்.

கேஷுவாலிட்டியில் நாராயணசாமி கட்டிலை விட்டு இறங்கி, ஒரு காலில் செருப்பு மாட்டிக்கொண்டு இன்னொன்றைத் தேடிக்கொண்டிருந்தார். சின்ன டாக்டர் அனுஷா அவருக்கு மாத்திரை எழுதிக்கொண்டிருந்தார். மேடம் மூச்சு வாங்க நாராயணசாமியின் முன் டப்பாவை நீட்டினார்.

“ஏன் சாப்பிடல?”

“பசிக்கல மேடம்.”

“எத்தனை மணிக்குப் பசி போச்சு?”

அந்த மனிதருக்கு அப்படி ஒரு கேள்வி வரும் என்று யாரும் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை. மனைவியைப் பார்த்தார். அவள் தரையைப் பார்த்தாள். “பன்னெண்டரைக்கு,” என்றார். “சாப்பாட்டு பெல் அடிக்கசொல்ல. மூட்டைய எறக்கினேன், நெஞ்ச அப்டியே புடிச்சிக்கிச்சு. நேத்து ஒண்ணுமில்ல.”

சந்திரம்மா அழத் தொடங்கினாள். “வேலைல வலி வந்துச்சுன்னு எழுதினா கம்பெனிக்குப் பேப்பர் போவும், மேடம். வியாழக்கெழம பர்மனென்ட் லிஸ்ட் போடறாங்க. ஒம்போது வருசமா காத்துனு கீறோம். பேரு அட்ச்சிட்டா இன்னா பண்றது?”

மேடம் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். “லிஸ்ட்டு அப்புறம் பாக்கலாம். லிஸ்ட்டுல இருக்க ஆள் வேணாமா?”

டாக்டர் அனுஷா ரிப்போர்ட்டை மறுபடி எடுத்துப் பார்த்தார். ரத்தம் எடுத்தது இரண்டே முக்காலுக்கு. வலி வந்து இரண்டேகால் மணி நேரம்தான். அந்த ஒரு கோட்டுக்கு அர்த்தமே இல்லை. நாராயணசாமியை மறுபடி படுக்க வைத்தார்கள். அந்த இன்னொரு செருப்பு கட்டிலுக்கு அடியில்தான் கிடந்தது, நான் எடுத்து வைத்தேன். பொய் சொன்னது சந்திரம்மா, ஆனால் எழுதியது என் கை. தலை நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்திருந்தால் எனக்கே தெரிந்திருக்கும்.

நாலு மணிக்கு மேடத்தின் டியூட்டி முடிந்தது. அவர் போகவில்லை. ஆறரைக்கு இரண்டாவது ரத்தம் வந்தது. அட்டையைப் பார்த்தபடி இருவரும் உட்கார்ந்திருந்தோம். பதினோராவது நிமிஷம் இரண்டாவது கோடு தலைகாட்டியது, பிறகு நன்றாகவே சிவந்தது. மேடம் ஃபோனை எடுத்துச் சேதி சொன்ன பிறகுதான் ரிப்போர்ட் எழுத உட்கார்ந்தார். ‘வலி: 12.30’ என்று இந்த முறை அவரே எழுதினார்.

அன்று இரவு நாராயணசாமிக்கு ஒரு முறை நிலைமை மோசமாகி, பக்கத்திலேயே ஆள் இருந்ததால் பிழைத்தார். வீட்டுக்குப் போகும் ஆட்டோவில் இருந்திருந்தால் அவ்வளவுதான் என்றார் டாக்டர் அனுஷா. மறுவாரம் சீனிவாசராகவன் டாக்டர் என்னைக் கூப்பிட்டு, “சிவாஜிநகர்ல ரப்பர் ஸ்டாம்ப் எத்தனை நாள்ல செஞ்சு தருவான்?” என்று கேட்டார். ‘ஆறு மணி நேரம் கழித்து மறுபடி பார்க்கவும்.’ அந்த ஸ்டாம்பை ஒவ்வொரு ரிப்போர்ட்டிலும் குத்துகிற வேலையும் என் தலையில்தான் விழுந்தது. இந்த முறை நான் முணுமுணுக்கவில்லை.

அந்த வியாழக்கிழமை லிஸ்ட்டில் நாராயணசாமி பெயர் வரவில்லை. அதற்கடுத்த வருஷ லிஸ்ட்டில் வந்தது. மூட்டை தூக்குகிற வேலை இல்லை, ஸ்டோர்ஸில் உட்கார்ந்து பார்க்கிற வேலை. அதைச் சொல்ல இருவரும் மைசூர்பாகுடன் ஒரு சனிக்கிழமை மூன்று மணிக்கு என் ஜன்னலுக்கு வந்தார்கள். மேடம் உள்ளே போய், கழுவி ஒரு வருஷமாக அலமாரியில் வைத்திருந்த அந்த டப்பாவை எடுத்து வந்தார். கொடுக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு, “இன்னிக்கு சாப்ட்டாச்சா?” என்று கேட்டார்.

“ஆச்சு மேடம்.”

மேடம் வாயைத் திறப்பதற்குள், வரிசையில் நின்ற இருபது பேருக்கும் கேட்கும்படி நானே கேட்டுவிட்டேன்: “எத்தனை மணிக்கு?”

“பன்னெண்டரைக்கு சார்,” என்றார் நாராயணசாமி. “பெல் அடிச்ச ஒடனே.”

மேடம் சிரித்துக்கொண்டே டப்பாவைக் கொடுத்தார்.