டிரைவரம்மா வாங்கிய நாலு டயர்

முப்பத்தொரு வருஷம் பஸ் ஓட்டிய ஒருத்தி வேலையை விட்டு வந்தால் என்ன செய்வாள்? காலை நீட்டி உட்காருவாள் என்றுதான் டிப்போவில் எல்லாரும் நினைத்தார்கள். டிரைவரம்மா நேரே போய் இரண்டே சீட் உள்ள ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வாங்கிக்கொண்டு வந்து நின்றாள். பழைய கார்தான். ஒரு பல் டாக்டர் வைத்திருந்தது. அவருக்கு முட்டி வலி. உள்ளே இறங்கி உட்கார்ந்துவிடுவார், வெளியே வருவதற்குத்தான் இரண்டு ஆள் வேண்டியிருந்தது. மனுஷன் அலுத்துப்போய் விற்றுவிட்டார்.

கருநீல நிறம். பொத்தானை அமுக்கினால் கூரை மடங்கிப் பின்னால் போய்ப் படுத்துக்கொள்ளும். சீட்டோ தரையிலிருந்து இரண்டு சாண் உயரம்கூட இருக்காது. மாடியில் உட்கார்ந்த மாதிரி உட்கார்ந்து பஸ் ஓட்டியவளுக்கு இதென்ன ஆசை என்று கேட்காத ஆளில்லை. எல்லாருக்கும் அவள் ஒரே பதில்தான் வைத்திருந்தாள்.

"இத்தனை நாள் அம்பது பேரை ஏத்திக்கிட்டுப் போனேன். இனிமே ஒரே ஒருத்தரைக் கூட்டிக்கிட்டுப் போறேன்."

அந்த ஒருத்தர் அவள் புருஷன். அச்சுக்குப் போகும் புத்தகங்களில் பிழை திருத்துபவர். வீட்டின் பின்னறைதான் அவருக்கு ஆபீஸ். ஜன்னலோரம் ஒரு மேஜை, கழுத்து வளையும் விளக்கு ஒன்று, சிவப்புப் பேனா ஒரு டஜன். அவள் விடியுமுன் டிப்போவுக்குப் போய்ப் பொழுது சாய்ந்து வருவாள். மகளை எழுப்பிக் குளிப்பாட்டிப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பியதெல்லாம் அவர்தான். மகள் வளர்ந்து, வேலை கிடைத்து, வேறு ஊருக்கும் போய்விட்டாள். புருஷன் பெண்டாட்டி உட்கார்ந்து ஆற அமரப் பேசினது என்று பார்த்தால், முப்பது வருஷக் கணக்கில் ரொம்பச் சொற்பம். ஒழுங்காகச் சண்டை போடக்கூட அவர்களுக்கு நேரம் வாய்த்ததில்லை. இதைத்தான் இனிமேல் சரிக்கட்டப் போகிறேன் என்று டிரைவரம்மா கணக்குப் போட்டிருந்தாள்.

இரண்டு வருஷத்துக்கு முன் அவருக்கு முதுகில் ஆபரேஷன் நடந்தது. நன்றாகவே ஆறிவிட்டது. "நடங்க, வெளியே போங்க, ஒண்ணும் ஆகாது" என்று டாக்டர் சொல்லிச் சொல்லி ஓய்ந்துவிட்டார். இவர் தெருமுனைக் கடை வரை போவார், திரும்பி வந்து மேஜையில் உட்கார்ந்துவிடுவார்.

கார் வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை அவரைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு கிளம்பினாள். அவர்கள் தெரு ஒன்றும் மோசமான தெரு இல்லை, குழாய் பதித்துவிட்டு மூடிய இடத்தில் நாலைந்து மேடு பள்ளம், அவ்வளவுதான். முதல் பள்ளத்தில் "ஐயோ" என்றார். இரண்டாவதில் இடுப்பைப் பிடித்துக்கொண்டார். மூன்றாவது வருமுன்னே, "நிறுத்தும்மா, முதுகு தாங்கலை" என்று சொல்லி இறங்கி வீட்டைப் பார்த்து நடந்தார். வேகமாகவே நடந்தார். அதை அவள் அப்போது கவனிக்கவில்லை.

மறுநாள் காலை டயர் கடைக்குப் போனாள். கடைக்காரர் அவளுக்குப் பத்து வருஷப் பழக்கம். ஆள் ஆஜானுபாகு, வாய் ஓயாது, யார் காரைப் பார்த்தாலும் முதலில் குனிந்து டயரின் விலாவைக் கட்டைவிரலால் அமுக்கிப் பார்ப்பார். இதையும் அமுக்கிப் பார்த்தார். விரல் துளியும் உள்ளே போகவில்லை.

"டிரைவரம்மா, இது ரன்-ஃப்ளாட். காத்து மொத்தமும் போனாலும் வண்டி படுக்காது. பக்கவாட்டுச் சுவர் கெட்டியா இருக்கு பாருங்க, அதுவே வண்டியைத் தாங்கிக்கும். எண்பது கிலோமீட்டர் மெதுவா ஓட்டிக்கிட்டு வந்து சேர்ந்துடலாம். ஆனா அந்தக் கெட்டி இருக்கே, ரோட்டுல ஒரு கல்லைக்கூட மறைக்காது. அப்படியே இடுப்புக்குக் கொண்டுவந்து கொடுக்கும்."

"சாதா டயர் போட்டா?"

"மெத்துன்னு போகும். பஞ்சரானா ஒட்டிக்கலாம். காத்து போச்சுன்னா மட்டும் நின்ன இடத்துல நிக்க வேண்டியதுதான். நீங்க எதுக்கு வாங்குறீங்க? ஓட்டுறவங்களுக்கா, உக்காந்து வர்றவங்களுக்கா?"

"உக்காந்து வர்றவருக்கு."

"அப்ப சாதாதான். யோசிக்கவே வேணாம்."

ஆனாலும் அவள் ஒரு வாரம் யோசித்தாள். போனில் மகள் ரன்-ஃப்ளாட்டையே வைத்துக்கொள்ளச் சொல்லி ஒற்றைக் காலில் நின்றாள். "நீ தனியா நடு ரோட்டுல நிக்கக் கூடாதும்மா." "நான் எதுக்குடி தனியா நிக்கறேன்? உங்கப்பா கூட இருப்பாரு" என்று சொல்லிப் போனை வைத்தாள். அடுத்த திங்கட்கிழமை நாலு சாதா டயர் போடச் சொல்லிவிட்டாள்.

அதுவரைக்கும் எல்லாம் சரி. நாலும் மாட்டி, காற்றடித்து, காரைக் கீழே இறக்கினார்கள். டிரைவரம்மா வழக்கம்போல ஒரு சுற்று சுற்றி வந்தாள், பின்னால் போய் டிக்கியைத் திறந்தாள், திறந்தபடியே நின்றாள்.

"ஸ்டெப்னி எங்கே?"

கடைக்காரர் தலையைச் சொறிந்தார். ரன்-ஃப்ளாட் போட்டு வருகிற காருக்கு ஸ்டெப்னியே கிடையாது, அதற்கென்று ஒரு குழியும் வைக்கமாட்டார்கள். டிக்கியில் பாதியை மடங்கி வரும் கூரை பிடித்துக்கொள்கிறது. மீதியில் இரண்டு கைப்பை வைக்கலாம். முப்பத்தொரு வருஷம் வண்டி ஓட்டியவளுக்கு இது முன்னமே தோன்றியிருக்க வேண்டாமா? தோன்றவில்லை. பஸ்ஸில் ஸ்டெப்னி அடியில் தொங்கிக்கொண்டே இருக்கும். இல்லாமலும் ஒரு வண்டி உண்டு என்று அவள் நினைத்தே பார்த்ததில்லை.

அவளுக்கோ ஸ்டெப்னி விஷயத்தில் விளையாட்டே கூடாது. வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருஷம், ஊருக்கு வெளியே ஒரு டயர் வெடித்தது. இறக்கிப் பார்த்தால் ஸ்டெப்னியிலும் காற்றில்லை. நாற்பத்தேழு பேர், கொளுத்துகிற வெயில், மூன்று மணி நேரம். அன்றைக்கு அவள் வாங்கிய பேச்சு இன்றைக்கும் காதில் கேட்கிறது. அதற்குப் பிறகு ஓய்வு பெற்ற நாள் வரை ஸ்டெப்னியைத் தட்டிப் பார்க்காமல் அவள் டிப்போ கேட்டைத் தாண்டியதில்லை.

"மருந்து டப்பா ஒண்ணு தர்றேன்" என்றார் கடைக்காரர். "ஆணி குத்தினா உள்ளே அடிச்சு விடுங்க, அடைச்சுக்கும்."

"விலா கிழிஞ்சா?"

"போன் பண்ணுங்க, வண்டி அனுப்பறோம்."

"நான் ரோட்டுல நின்னு போன் பண்ணினேன்னு தெரிஞ்சா டிப்போவே கைகொட்டிச் சிரிக்கும். எனக்கு ஸ்டெப்னி வேணும்."

கடைசியில் ஒல்லியாக ஒரு தற்காலிக டயர் சக்கரத்தோடு கிடைத்தது. பதினாலு கிலோ. முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் பொருந்தியது. டிக்கியில்தான் எப்படித் திருப்பிப் போட்டாலும் மூடி சாத்தவில்லை. மிச்சம் இருந்தது ஒரே இடம். அதைப் பக்கத்து சீட்டில் ஏற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். வழியெல்லாம் கார் மிதந்துகொண்டு வந்தது. குழாய் பதித்த இடம் வந்ததும் தெரியவில்லை, போனதும் தெரியவில்லை. புருஷனுக்காக மெத்தென்று டயர் வாங்கினாள், அந்த டயருக்குத் துணையாக வந்தது புருஷன் உட்காரும் இடத்தைப் பிடித்துக்கொண்டது. கடைக்காரருக்குச் சிரிப்பு. அவளுக்கு வயிற்றெரிச்சல்.

சனிக்கிழமை வரை மனசுக்குள்ளேயே மல்லுக்கட்டினாள். பிறகு ஸ்டெப்னியைத் தூக்கி வாசல் சுவரோரம் சாத்திவைத்துவிட்டுப் பின்னறைக்குப் போனாள்.

"நாளைக்குப் போறோம். டயர் மாத்தியாச்சு, தொட்டில்ல போற மாதிரி இருக்கு. அலுங்காம கூட்டிட்டுப் போறேன்."

அவர் பேனாவை மூடினார். "ஸ்டெப்னி?"

"அது வீட்டுல இருக்கட்டும்."

"நீயா சொல்றே? ஸ்டெப்னி இல்லாம நீ போனதே இல்லையேம்மா."

"உங்களுக்காகப் போறேன். போதுமா?"

இதைவிடப் பெரிய வார்த்தை டிரைவரம்மாவின் வாயிலிருந்து வராது. அவருக்கும் அது தெரியும். "சரி" என்று சொல்லிவிட்டுத் தாளைப் பார்த்துக் குனிந்துகொண்டார். அவளுக்கு அன்றைக்குச் சமையலே பாட்டோடு நடந்தது.

ஞாயிற்றுக்கிழமை குளித்து, நல்ல சட்டையாகப் போட்டுக்கொண்டு, தண்ணீர் பாட்டிலோடு வாசலுக்கு வந்தாள். சுவரோரம் ஸ்டெப்னியைக் காணோம். யாராவது கிளப்பிக்கொண்டு போய்விட்டார்களா என்று பதறிக் காரைப் பார்த்தாள்.

ஸ்டெப்னி பக்கத்து சீட்டில் இருந்தது. தோல் உறையில் அழுக்குப் படாதபடி அடியில் பழைய போர்வை ஒன்று நாலாக மடித்து விரித்திருந்தது. வேலை அவ்வளவு நறுவிசு. அந்த வீட்டில் அப்படி மடிக்கிற ஆள் ஒருத்தர்தான். அவர் வாசற்படியில் நின்று கையைத் துணியில் துடைத்துக்கொண்டிருந்தார். உள்ளங்கை இரண்டும் கறுப்பு.

"யாரு தூக்கி வெச்சது?"

"நான்தான்."

பதினாலு கிலோ. சுவரோரத்திலிருந்து எடுத்து, கதவைத் திறந்து, குனிந்து, இரண்டு சாண் உயர சீட்டில் இறக்கிவைக்க வேண்டும். திடமான ஆளே மூச்சுப் பிடித்துச் செய்கிற வேலை. அவர் முகத்தில் ஒரு சுளிப்புக்கூட இல்லை. டிரைவரம்மா அந்தக் கைகளைப் பார்த்தாள், அவர் முதுகைப் பார்த்தாள். அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அவள் எதைப் பார்க்கிறாள் என்பது அவருக்கும் அப்போதுதான் உறைத்தது. துடைப்பதை நிறுத்தினார்.

"முதுகு வலிக்கலை போல."

"இல்லை" என்றார். இனிமேல் மறைத்துப் பிரயோஜனமில்லை என்று தெரிந்த குரல். "வலி போய் ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சு."

"அப்ப என்கூட வரத்தான் பிடிக்கலை."

"அப்படி இல்லம்மா. காலைல நீ கிளம்பிப் போவே, கதவைச் சாத்துவேன், வீடு அமைதியாயிடும். என் மேஜை, என் வேலை. சாயங்காலம் நீ வந்து, ரோட்டுல நடந்த கூத்தெல்லாம் சொல்லுவே. எனக்கு அது ரெண்டும் பிடிக்கும். முப்பது வருஷமா நான் அப்படியே பழகிட்டேன். நீ என்னை நினைச்சு ஏங்கிக்கிட்டே வண்டி ஓட்டினேன்னு, இந்தக் காரைப் பத்தி நீ பேச்செடுக்கிற வரைக்கும் எனக்குத் தெரியாது. எனக்கு ஒரு குறையும் இருக்கலை."

 அவளுக்கு அவமானமாக இருந்தது. இத்தனை வருஷம் இந்த மனுஷனைத் தனியாகப் போட்டுவிட்டுப் போகிறோமே என்று சிக்னலுக்குச் சிக்னல் மறுகியது அத்தனையும் வீண். அழுகை வருவதற்குள் கோபத்தை முந்தவிட்டாள்.

"இதை முன்னாடியே சொல்லித் தொலைச்சிருந்தா பழைய டயரே கிடந்திருக்கும்ல? இந்தச் சனியனும் வேண்டியிருந்திருக்காதே!"

"சொல்லியிருந்தா நீ காரே வாங்கியிருக்கமாட்டே" என்றார் அவர். "பல் டாக்டர் வீட்டு வாசல்ல அதைப் பார்த்துட்டு வந்த அன்னிக்கு உன் மூஞ்சி எப்படி இருந்துச்சுன்னு எனக்குத் தெரியும். நமக்காகன்னு நினைச்சாத்தான் வாங்குவே. உனக்காகன்னு நீ எதையும் வாங்கினதில்லை."

அவள் காரில் ஏறிக் கதவைச் சாத்தினாள்.  சாவியைத் திருகினாள். கார் கீச் கீச்சென்று கத்தத் தொடங்கியது. பக்கத்து சீட்டில் கனம் இருக்கிறது, பெல்ட் போடவில்லை என்று அதற்குக் குறை. கையை நீட்டி பெல்ட்டை இழுத்து ஸ்டெப்னியின் குறுக்கே மாட்டினாள். சத்தம் நின்றது. அவர் வாசற்படியிலிருந்து கையை ஆட்டினார். அவள் ஆட்டவில்லை.

தெருமுனையிலேயே திரும்பிவிடலாம் என்றிருந்தாள். திரும்பவில்லை. ஊர் எல்லை தாண்டியதும் கூரையை மடக்கினாள். நிறுத்தம் கிடையாது, மணி கிடையாது, பின்னாலிருந்து ஒருத்தரும் கத்தவில்லை. வளைவுகளில் கார் சொன்ன பேச்சைக் கேட்டது. மலையடிவாரம் வரை போனாள், அங்கே ஒரு டீ குடித்தாள், இன்னும் கொஞ்சம் போனாள். ஆறு மணி நேரம் கழித்துத் தெருமுனைக்கு வந்து காரை ஓரம்கட்டி உட்கார்ந்திருந்தாள். வீட்டில் அவர் ரோட்டுக் கதையைக் கேட்கக் காத்திருப்பார். வாழ்க்கையில் இவ்வளவு சந்தோஷமாக அவள் ஒரு நாள் இருந்ததில்லை, அதுவும் அவர் பக்கத்தில் இல்லாமல். அதை அவரிடம் போய் எந்த முகத்தோடு சொல்வது என்றுதான் அவளுக்குத் தெரியவில்லை.