வாயைத் திறந்து சொல்

மலாயாவின் அவசரகாலத்தில் நான் லுக்குட் ஊருக்குப் பக்கத்து ரப்பர் தோட்டப் பள்ளியில் ஆசிரியை. காலையில் பிள்ளைகளுக்குப் பால் கொடுப்போம். காட்டில் ஒளிந்திருந்த கம்யூனிஸ்ட் போராளிகளுக்குப் போய்விடும் என்று பயந்து, எந்த உணவையும் வெளியே கொண்டுபோகக் கூடாதென்று உத்தரவு. கேட்டில் காவலர் சோதிப்பார்.

அன்று பால் வாங்கியதும் வெளியே நழுவிய அஞ்சலையை நிறுத்தினேன்.

“எங்க போற?”

பதில் இல்லை. திமிர் என்று நினைத்தேன்.

“வாயைத் தொறந்து சொல்லு” என்று கன்னத்தில் அறைந்தேன். என் சேலையில் பால் சிதறியது.

“கைக்குழந்த தங்கச்சிக்கு டீச்சர்” என்றாள் பக்கத்தில் நின்ற சிறுமி. “அவங்கம்மாவுக்குப் பால் இல்ல. தெனமும் வாயிலதான் கொண்டுபோவா.”

மறுநாளிலிருந்து அஞ்சலை என் முன்னாலேயே மடமடவென்று குடித்துவிட்டு, வாயை அகலத் திறந்து காட்டினாள். நான் காட்டச் சொல்லவே இல்லை. தங்கச்சி எப்படி இருக்கிறாள் என்று கேட்கவும் எனக்குத் தைரியம் வரவில்லை.