ஆறாவது உருண்டை

ஒரகடத்திலிருந்து வாலாஜாபாத் போகிற சாலையோரத்து ஊர்க்காரர்களிடம் பாஞ்சாலியைப் பற்றிக் கேட்டால், முதலில் அவள் வாயைப் பற்றித்தான் சொல்வார்கள். ஏரித் தண்ணீரை முறை தவறி விட்டவன் அவளிடம் மாட்டினால் அன்றைக்கு அவன் கதை கந்தல்தான். அப்பேர்ப்பட்ட வாய் ஒரே ஒரு ஆளிடம் மட்டும் மூன்று வருஷமாகப் பூட்டிக் கிடந்தது. அந்த ஆள் அவளுடைய ஓரகத்தி கிளியம்மாள். அடுத்த வீடு, அடுத்த நிலம், இருந்தும் ஒரு சொல் கிடையாது.

சண்டை வரப்புக்காக. கிளியம்மாளின் புருஷன் நரசிம்மனும் அவர் தம்பி, பாஞ்சாலியின் புருஷன் தாண்டவராயனும் பாகம் பிரித்தபோது, ஏரிக்குக் கிழக்கே இருந்த மேட்டு நிலத்துக்கு நடுவில் ஒரு வரப்பு போட்டார்கள். அந்த வரப்பு யாருடையது என்று மட்டும் சொல்ல மறந்துவிட்டார்கள். ஒருநாள் கிளியம்மாள் அதில் முளைத்திருந்த முள்ளை வெட்டி அடுப்புக்கு எடுத்துப் போனாள். "எங்க வரப்புல உனுக்கு இன்னா வேல" என்று கேட்டாள் பாஞ்சாலி. அதற்கப்புறம் இரண்டு பேரும் பேசியதை எழுத முடியாது. ஊரில் நாலு பேர் வந்து உட்கார்ந்து, யார் பக்கமும் சொல்லத் துணிச்சல் இல்லாமல், இனிமேல் இரண்டு பேருமே அந்த வரப்பைத் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்கள். தீர்ப்பு சொன்ன வாய்க்குச் சர்க்கரைதான் போட வேண்டும். மூன்று வருஷத்தில் அங்கே வேலிகாத்தானும் காரை முள்ளும் சப்பாத்திக்கள்ளியும் ஆள் உயரத்துக்கு எழும்பிவிட்டன.

இந்தக் கதை நடந்தது அறுபத்தாறாம் வருஷம். தாண்டவராயன் பட்டணத்தில் மில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தான். ஞாயிற்றுக்கிழமைதான் ஊருக்கு வருவான். வரும்போதெல்லாம், "நெலத்தக் குத்தகைக்கு வுட்டுட்டு வந்துடு, ரெண்டு எடத்துல ஒல வெச்சிகினு இருக்க முடியாது" என்பான். பாஞ்சாலிக்கு மில்காரர் குடியிருப்பின் ஒற்றை அறையை நினைத்தாலே மூச்சு முட்டும். "இந்த ஒரு வெள்ளாம பாத்துக்கலாம், தேறலன்னா வந்துடறேன்" என்று வாக்குக் கொடுத்துவிட்டு, ஆடியில் வேர்க்கடலை போட்டாள். மழையும் அவளுக்குப் பயந்ததுபோல் நாள் தவறாமல் பெய்தது.

புரட்டாசியில் காய் பிடித்தது. நரிக்கும் மூக்கு இருக்கிறதே. ஒருநாள் காலையில் போய்ப் பார்த்தால் நாலு சால் கொத்திப் போட்டாற்போல் கிடந்தது. விருந்துக்கு வந்தவர்கள் இலையை எடுக்காமல் போன மாதிரி, தோலெல்லாம் அங்கேயே உரித்துப் போட்டிருந்தது. பாஞ்சாலி புருஷனின் பழைய மில் சட்டையை மாட்டிப் பொம்மை நிறுத்தினாள். மறுநாள் பொம்மையின் காலடியிலேயே தோண்டியிருந்தது. கயிறு கட்டித் தகர டப்பாக்களைத் தொங்கவிட்டாள். அது மூன்று நாளுக்குத் தாங்கியது. நாய் ஒன்றைக் கட்டினாள். அது கயிற்றை அறுத்துக்கொண்டு வீட்டு வாசலில் வந்து படுத்துக்கொண்டது.

ஊர் மாடுகளை மேய்ச்சலுக்கு ஓட்டுகிற அப்பாவு அந்த வழியாகப் போகும்போதெல்லாம் கிண்டல் செய்வான். "நரி மொகத்துல முழிச்சா அதிஷ்டம்னுவாங்க. தெனம் முழிக்கிற, உனுக்கு இன்னா கொற."

"நீ உன் மாட்டப் பாரு" என்பாள் பாஞ்சாலி. உள்ளே அழுகை முட்டும்.

கடைசியில், வாலாஜாபாத் சந்தையில் கௌதாரியும் முயலும் விற்கிற சுப்பனைப் பிடித்தாள். அவன் நரிக்கு வெடி வைப்பவன். எலுமிச்சம்பழம் அளவில் ஒரு உருண்டை, மேலே ஆட்டுக்கொழுப்பு பூசியிருக்கும். நரி கடித்தால் வாய் சிதறிப்போகும். நரி மட்டும் அல்ல, எது கடித்தாலும். சுப்பன் தானே வந்து வைத்து, தானே எடுத்துப் போவதாகத்தான் சொன்னான். அவன் வருவதற்கு இன்னும் நாலு நாள் ஆகும் என்றதும் பாஞ்சாலிக்குப் பொறுக்கவில்லை. "நாலு நாள்ல தோல்தான் மிஞ்சும், குடு, நானே வெச்சிக்கறேன்" என்று நச்சரித்து ஆறு உருண்டை வாங்கிக்கொண்டாள்.

சுப்பன் அரை மனதாகத்தான் கொடுத்தான். "முள அடிச்சி, கம்பியில கட்டி வெக்கணும்மா. பொழுது சாஞ்சப்புறம் வெச்சி, விடியறதுக்குள்ள எடுத்துடணும். ஆறு போனா ஆறும் திரும்பி வரணும். ஒண்ணு கொறஞ்சாலும் ஊரே தூங்கக்கூடாது."

வெள்ளிக்கிழமை பொழுது சாய்ந்ததும் வைத்தாள். ஐந்துக்கு முறையாக முளை அடித்துக் கட்டினாள். ஆறாவதை வைக்க வேண்டிய இடம் வரப்பு. நரி அந்தப் புதருக்குள்ளிருந்துதான் வருகிறது என்று அவளுக்குத் தெரியும். ஆனால் வரப்பில் முளை அடித்தால்? நாளைக்குக் கிளியம்மாள் பார்ப்பாள். வரப்பில் முளை அடித்தவள் வரப்பை எடுத்துக்கொண்டவள் ஆகிவிடுவாளே, கிளியம்மாள் ஊரைக் கூட்டிவிடுவாளே. பாஞ்சாலி தன் பக்கத்தில் நின்றபடியே கையை நீட்டி, ஆறாவது உருண்டையை வரப்பின் மேல் சும்மா வைத்துவிட்டு வந்தாள். அவ்வளவு வீம்பு.

விடியற்காலையில் போனபோது ஐந்து இருந்தது. வரப்பின் மேல் வைத்த இடம் வெறுமையாக இருந்தது. வெடித்த சத்தம் எதுவும் கேட்கவில்லை. நரியும் செத்துக் கிடக்கவில்லை.

 இன்னும் சற்று நேரத்தில் அப்பாவு அறுபது மாடுகளை அந்த மேட்டு வழியாகத்தான் ஓட்டிப் போவான். அந்த அறுபதில் கிளியம்மாளின் சினைப்பசுவும் ஒன்று. பேசாமல் இருந்துவிடலாமா என்று ஒரு நொடி தோன்றியதாகப் பாஞ்சாலியே பிற்பாடு சொல்லியிருக்கிறாள். மறுநொடி ஐந்து உருண்டையையும் மண்சட்டியில் போட்டு மூடி வைத்துவிட்டு, ஏரிக்கரையை நோக்கித் தலைதெறிக்க ஓடினாள்.

"அப்பாவு, மாட்ட ஓட்டாத. நரி வெடி ஒண்ணு காணோம். நான்தான் வெச்சேன்."

அப்பாவு அன்றைக்குக் கிண்டல் செய்யவில்லை. அதுவரை சேர்ந்திருந்த மாடுகளைத் திருப்பிக்கொண்டு, "மாட்ட அவுக்காதீங்க, வெடி கீது" என்று தெருத்தெருவாகக் கத்திக்கொண்டே போனான். திட்டுவார்கள் என்று பாஞ்சாலி தலை குனிந்து நின்றாள். திட்டினார்கள்தான். திட்டிக்கொண்டே ஆளுக்கொரு நீளக் கழியை எடுத்துக்கொண்டு மேட்டுக்கு நடந்தார்கள். சனிக்கிழமை வேலை அத்தனையையும் போட்டுவிட்டு வந்தார்கள். அதை நினைத்தால் இப்போதும் அவளுக்குக் கண் கலங்கும்.

இன்னும் ஒரு வீடு பாக்கி இருந்தது. கிளியம்மாள் முற்றத்தில் பால் கறந்துகொண்டிருந்தாள். பாஞ்சாலி வாசலில் நின்று, நரசிம்மனைப் பார்த்துச் சொன்னாள்.

"மாமா, சினமாட்ட அவுக்க வேணான்னு அக்காகிட்ட சொல்லுங்க. எலுமிச்சம்பழம் அளவு உருண்ட, மேல கொழுப்பு வழவழன்னு இருக்கும், ஆட்டு வாட அடிக்கும். கண்ணுல பட்டா யாரும் தொடக்கூடாது. என் தப்புதான்."

கிளியம்மாள் தலை நிமிரவில்லை. கறந்த செம்பை உள்ளே வைத்துவிட்டு வந்து, அவிழ்க்க இருந்த சினைப்பசுவின் கயிற்றை இன்னும் ஒரு சுற்றுச் சுற்றி இறுக்கிக் கட்டினாள். நரசிம்மன் சைக்கிளை எடுத்துக்கொண்டு சுப்பனை அழைத்துவர வாலாஜாபாத்துக்கு விரைந்தார்.

வெயில் ஏறியது. இருபது பேர் வரிசையாக நின்று மேட்டைச் சலித்தார்கள். கடலைச் செடியை மிதிக்காமல் அத்தனை பேரும் கால் வைத்ததைப் பாஞ்சாலி பார்த்துக்கொண்டே இருந்தாள். தன் நிலத்தில் இனி ஒரு காய்கூட வேண்டாம், அந்த உருண்டை மட்டும் கிடைத்தால் போதும் என்று வேண்டிக்கொண்டாள். கட்டிக் கிடந்த மாடுகள் பசியில் கத்துவது மேடு வரைக்கும் கேட்டது. வரப்புப் புதருக்குள் மட்டும் யாரும் கழியை விடவில்லை. இரண்டு வீட்டு வழக்கில் நமக்கென்ன என்று விலகிப் போனார்கள்.

உச்சிப்பொழுதுக்குக் கிளியம்மாள் மேட்டுக்கு வந்தாள். வரப்புக்கு அந்தப் பக்கம் நின்றாள். மூச்சு வாங்கியது.

"பாஞ்சாலி" என்றாள்.

கழிகள் எல்லாம் நின்றுவிட்டன.

"என் வைக்கப்போர்ல கீது. நான் வெளிய எடுக்கல. வந்து பாரு."

மாட்டை மேய்ச்சலுக்கு விடவில்லை என்பதால் வைக்கோல் பிடுங்கிப் போடப் போயிருக்கிறாள். போரின் மேல்பக்கத்தில், கை எட்டும் உயரத்தில், வைக்கோலுக்குள் செருகினாற்போல் ஏதோ ஒன்று வழவழவென்று விரலில் பட்டிருக்கிறது. ஆட்டு வாடை அடித்திருக்கிறது. கட்டாமல் கிடந்ததை முதல் வெளிச்சத்திலேயே ஒரு காக்கை கொழுப்புக்கு ஆசைப்பட்டுத் தூக்கி வந்து, பிறகு தின்னலாம் என்று ஒளித்து வைத்துவிட்டது. பாஞ்சாலி சொல்லாமல் இருந்திருந்தால், எந்தக் காக்கை கொண்டுவந்து போட்டதோ என்று கிளியம்மாள் அதைப் பிடுங்கித் தரையில் வீசியிருப்பாள், விழுந்த அதிர்ச்சியிலேயே அது வெடித்திருக்கும். இல்லாவிட்டால் வைக்கோலோடு வைக்கோலாகப் பசுவின் வாய்க்குப் போயிருக்கும்.

அதற்குள் சுப்பன் வந்துவிட்டான். எல்லோரையும் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, நனைத்த கோணியால் பதமாக அதை எடுத்தான். மண்சட்டியில் இருந்த ஐந்தையும் வாங்கிக்கொண்டான். ஆறு என்று எண்ணினான்.  பாஞ்சாலி அப்படியே உட்கார்ந்து கிளியம்மாளின் காலைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

"எழுந்திருடி" என்றாள் கிளியம்மாள். "பொரட்டாசி சனிக்கெழமயும் அதுவுமா என்னக் கறி தொட வெச்சிட்ட. நான் போயி தலைக்கு ஊத்திக்கணும்."

சுப்பன் விடவில்லை. "முள அடிச்சி கட்டுன்னு அத்தினி வாட்டி சொன்னனேம்மா. ஏன் கட்டல?"

பாஞ்சாலி கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளதைச் சொன்னாள். "வரப்புல முள அடிச்சா அக்கா சண்டைக்கு வருவாங்கன்னு பயந்தேன்."

கிளியம்மாள் வைக்கோல் போரைப் பார்த்தாள், பசுவைப் பார்த்தாள். பிறகு முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"அப்பாவு, ரெண்டு கொடுவா எடுத்துகினு வா. ஒண்ணு எனுக்கு, ஒண்ணு இவுளுக்கு."

தலைக்கு ஊற்றிக்கொள்வதை அவள் சாயங்காலத்துக்குத் தள்ளி வைத்துவிட்டாள். இரண்டு பேரும் இரண்டு பக்கத்திலிருந்து வெட்டினார்கள். ஊரும் கை கொடுத்தது. பாதி வரப்பு வெட்டும்போதே இரண்டு நரிகள் புதரை விட்டுப் பாய்ந்து ஏரிப்பக்கம் ஓடின. முள்ளை இழுத்துப் போட்டால், அடியில் இரண்டு வளை. வளை வாசலில் கூடை கூடையாகக் கடலைத் தோல். கூடவே கிளியம்மாள் வீட்டில் காணாமல் போன கோழிகளின் இறகு. மூன்று வருஷமாக அந்தக் கோழிகளுக்கு அவள் யாரைச் சந்தேகப்பட்டிருப்பாள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. இரண்டு பேருமாகச் சேர்ந்து மூன்று வருஷம் நரிக்கு வீடு கட்டிக் கொடுத்துக் காவலும் இருந்திருக்கிறார்கள்.

வளையைக் கல்லும் மண்ணும் போட்டு மூடினார்கள். வெட்டிய வரப்பில் மறுவருஷம் துவரை போட்டார்கள். நரி தேடி வராமல் இருக்க, செத்த கன்று, ஆடு எதுவானாலும் மேட்டில் வீசாமல் ஆழப் புதைப்பது என்று ஊரிலும் பேசிக்கொண்டார்கள். நரிகள் ஒன்றும் செத்துப் போய்விடவில்லை, ஏரிக்கு அக்கரையில் குடி மாறிக்கொண்டன. பாஞ்சாலி அதற்கப்புறம் வெடியைக் கையால் தொடவில்லை.

ஐப்பசியில் கடலை பிடுங்கினாள். போனது போக, இருந்தது நிறைவாகவே இருந்தது. தாண்டவராயன் வந்து குவியலைப் பார்த்தான், பட்டணத்துப் பேச்சை எடுக்கவே இல்லை. முதல் கூடை கிளியம்மாள் வீட்டுக்குப் போயிற்று. அடுத்து மாட்டுக்கார அப்பாவுவுக்கு, அடுத்து சுப்பனுக்கு, அப்புறம் கழி எடுத்து வந்த அத்தனை வீட்டுக்கும் ஒவ்வொரு படி. அந்த வழக்கத்தை அவள் எத்தனையோ வருஷம் விடவில்லை.

எண்பதுகளில் ஒரு புரட்டாசி. தலை நரைத்த அப்பாவு, செழித்து நின்ற கடலையைப் பார்த்துப் பழைய கிண்டலை எடுத்தான். "இன்னிக்கும் நரி மொகத்துலதான் முழிச்சியா, பாஞ்சாலி?"

பாஞ்சாலி வரப்புக்கு அந்தப் பக்கம் பார்த்தாள். கிளியம்மாள் துவரைக்குக் களை கொத்திக்கொண்டிருந்தாள்.

"நரி மொகத்துல இல்ல" என்றாள். "எங்க அக்கா மொகத்துல."