திருவேங்கடம் எழுதிய மூன்று மனுக்கள்

ஆயிரத்து எழுநூற்றுத் தொண்ணூற்றைந்தில் பழவேற்காட்டுக் கோட்டை டச்சுக்காரர் கையிலிருந்து இங்கிலீஷ்காரர் கைக்குப் போனபோது திருவேங்கடத்துக்கு நாற்பத்தாறு வயது. இருபது வருஷமாக டச்சுக்காரரிடம் எழுத்தர். வந்த கப்பல், போன கப்பல், துணியின் நிறம் என்று எழுதியே காலம் ஓடிவிட்டது. மனிதர் மனசில் பட்டதை அந்நிய மொழியில் எழுதும் வேலை அவருக்கு வந்ததேயில்லை. புது எசமானர்களுக்காக எட்டு மாதத்தில் இங்கிலீஷை அரைகுறையாகக் கற்றிருந்தார்.

அப்போதுதான், கோட்டைச் சுவரோரம் காயப்போட்டிருந்த கோட்டைக்குப்பத்து மீனவர்களின் வலைகள் ஆறையும் சிப்பாய்கள் அள்ளிக்கொண்டு போனார்கள். புது அதிகாரியின் உத்தரவாம். யாருக்கும் முன்கூட்டிச் சொல்லவில்லை. வலை பறிகொடுத்தவர்களில் ஒருத்தியான எல்லம்மா, குப்பத்தார் சார்பில் திருவேங்கடத்திடம் வந்தாள்.

"இத்தினி வருசமா அங்கதான காயப் போட்றோம்? திடீர்னு தூக்கினு போனா நாங்க இன்னா பண்றது? அத்த எழுதுங்க ஐயா."

குப்பத்தார் திகைத்துப்போய் இருக்கிறார்கள் என்று சொல்ல நினைத்து, இங்கிலீஷ் மனுவில் 'வீ ஆர் வெரி சர்ப்ரைஸிங்' என்று எழுதினார். அதிகாரி படித்துவிட்டுப் பக்கத்திலிருந்தவரிடம் நீட்ட, இருவரும் கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். மனு திரும்பி வந்தது.

வாசலில் காவலிருந்த கிழட்டு இங்கிலீஷ் சிப்பாய்தான், கைச் சாடையும் கொச்சைத் தமிழுமாக விளக்கினான். திகைத்தவன் 'சர்ப்ரைஸ்டு'. திகைக்கவைத்தது 'சர்ப்ரைஸிங்'. எழுதியபடி பார்த்தால், குப்பத்தாரைப் பார்த்துத்தான் ஊரே வாயைப் பிளக்க வேண்டும்.

திருவேங்கடம் கூசிப்போனார். சரி, அதிரவைத்தது உத்தரவுதானே? இரண்டாவது மனுவில் 'தி ஆர்டர் இஸ் ஷாக்கிங்' என்று எழுதினார். இலக்கணத்தில் பிழையில்லை. ஆனால் அதிகாரியின் முகம் சிவந்தது. காகிதத்தைச் சுருட்டி வீசினார்.

"உத்தரவு வெட்கங்கெட்டதுன்னு அர்த்தம் ஆயிப்போச்சு," என்றான் சிப்பாய்.

"அப்போ 'அமேஸிங்'னு போடட்டுமா?"

"பாராட்டறேன்னு நெனச்சுக்குவார்."

திருவேங்கடம் தலையில் அடித்துக்கொண்டார். வீட்டுக்கு வந்தால் அங்கே எல்லம்மா காத்திருந்தாள்.

"பதினாலு நாளாச்சு ஐயா. ஏரில கையால எறா தடவித்தான் அடுப்பு எரியுது. ஒரு வார்த்தைக்கா இவ்ளோ நாளு?"

"ஒரு வார்த்தைதான், எல்லம்மா. அதுதான் ரெண்டு வாட்டி என்னைக் குப்புறத் தள்ளிச்சி," என்று அவர் எரிந்து விழுந்தார். பிறகு அவள்மேல் கோபப்பட்டதற்காகத் தன்மேலேயே கோபப்பட்டார்.

மூன்றாவது மனு மூன்றே வரி. வலைகளைக் காணாமல் 'வீ வேர் சர்ப்ரைஸ்டு' என்றும், அவை இல்லாமல் பிழைப்பில்லை என்றும், தயவுசெய்து திருப்பித் தரவேண்டும் என்றும் எழுதியிருந்தார். அதற்குப் பதில் வர இன்னும் ஒரு வாரம் ஆனது. அதிகாரி தலையசைத்தார்.

கிடங்கைத் திறந்தார்கள். மழையில் நனைந்தபடியே குவித்துப் போட்டிருந்த வலைகள் நாறின. எல்லம்மா ஒரு பிடி எடுத்து இழுத்தாள். நூல் பஞ்சுபோலக் கையோடு வந்தது. அதைத் திருவேங்கடத்திடம் நீட்டினாள்.

"எப்படி ஐயா இப்படி ஆயிற்று?" என்று அவர் அதிகாரியிடம் தெரிந்த இங்கிலீஷில் கேட்டார்.

அதிகாரி தோளைக் குலுக்கினார். "சர்ப்ரைஸிங்."

சொல் மிகச் சரியாக இருந்தது. நனைய விட்டது யார் என்பதற்குத்தான் அதில் இடமில்லை. திருவேங்கடத்துக்குக் காது சூடேறியது.

"ஐ ஆம் நாட் சர்ப்ரைஸ்டு, சார்," என்றார்.

மறுநாள் கோட்டை வாசலிலேயே அவரை நிறுத்திவிட்டார்கள். இனி வேலையில்லை என்றார்கள்.

ஆறு வலைகளிலும் மக்காத பகுதிகளை அறுத்துச் சேர்த்துப் பின்னியதில் குப்பத்தாருக்கு இரண்டு வலை தேறியது. அந்தப் பருவம் முழுவதும் முறைவைத்து ஏரிக்குப் போனார்கள். திருவேங்கடம் திருப்பாலைவனத்துக்குக் குடிபோய், நிலப் பத்திரங்களைத் தமிழில் எழுதிப் பிழைத்தார். இங்கிலீஷ் கற்றுத்தரச் சொல்லி யாராவது வந்தால் அவருக்கு முகம் கடுத்துவிடும்.

"ஒரு வார்த்தைய சரியா எழுத எனக்கு மூணு வாரம் ஆச்சு. அதுக்குள்ள வல மக்கிப்போச்சு. போங்கய்யா," என்பார்.