போர்வைக்குள் ஒரு கிரைண்டர்

சுற்றுலா போகிறவர்கள் கிரைண்டரைத் தூக்கிக்கொண்டு போவதில்லை. ஒன்பது வயதிலேயே எனக்கு இது தெரிந்திருந்தது. அதனால்தான், அமெரிக்காவில் நாங்கள் இருந்த சான் ரமோன் அபார்ட்மெண்டிலிருந்து கிளம்பிய காலையில் அப்பா எங்கள் கோயம்புத்தூர் கிரைண்டரைப் பழைய போர்வையில் சுற்றி கார் டிக்கியில் ஏற்றியபோது, இதில் ஏதோ இருக்கிறது என்று முடிவு கட்டிவிட்டேன். கேட்டதற்கு அம்மா, "போற எடத்துல இட்லி வேணும்னு நீதான அழுவ" என்றாள். நான் இட்லிக்காக அழுததாகச் சரித்திரமே கிடையாது.

அது இரண்டாயிரத்து ஒன்றாம் வருடத்துக் கோடை. நாங்கள் இருந்த பே ஏரியாவில் கம்ப்யூட்டர் கம்பெனிகள் ஒன்றன்பின் ஒன்றாக ஆட்களை வீட்டுக்கு அனுப்பிக்கொண்டிருந்தன. அப்பாவுக்கும் வேலை போயிருந்தது. எங்கள் விசா அந்த வேலையோடு ஒட்டிக்கொண்டு வந்தது. சீக்கிரம் இன்னொரு வேலை கிடைக்காவிட்டால் ஈரோட்டுக்கு மூட்டை கட்ட வேண்டியதுதான். வாடகை வீட்டைக் காலி செய்தாயிற்று. இதை அவர்கள் யாரிடமும் சொல்லவில்லை, என்னிடமும் சொல்லவில்லை. எனக்குச் சொல்லப்பட்டதெல்லாம், அமெரிக்காவைக் குறுக்கே கடந்து நியூ ஜெர்சி வரைக்கும் போகப் போகிறோம், ஊருக்கு ஊர் என்ன விசேஷமோ அதைச் சாப்பிட்டுப் பார்க்கப் போகிறோம் என்பதுதான்.

இதுதான் பெரிய சந்தேகம். ஏனென்றால் எங்கள் வீட்டில் வெளியே சாப்பிடுவது என்றால் பீட்சா, அதன்மேல் அம்மா கைப்பையிலிருந்து எடுத்துத் தூவுகிற இட்லிப் பொடி, அவ்வளவுதான். யோசமிட்டி அருவிக்கு எதிரே உட்கார்ந்து புளிச்சோறு சாப்பிட்ட குடும்பம் நாங்கள். அப்படிப்பட்டவர்கள் திடீரென்று ஊர் ஊராகச் சாப்பாடு தேடப் புறப்பட்டால் யார் நம்புவார்கள்?

நான் கண்ணை மூடாமல் கவனித்தேன். பீனிக்ஸ் நகரத்தில் ஒரு பெட்ரோல் பங்க் பாத்ரூமுக்குள் டீ-ஷர்ட்டோடு போன அப்பா, வெள்ளைச் சட்டையும் டையுமாக வெளியே வந்தார். ஒரு ஃப்ரெண்டைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று எங்களை ஒரு சின்ன ஹோட்டலில் இறக்கிவிட்டுப் போனார். ஃப்ரெண்டைப் பார்க்க யாராவது நாற்பது டிகிரி வெயிலில் டை கட்டுவார்களா? அதுவும், எந்த ஃப்ரெண்டு, பேர் என்ன என்று கேட்டால் அம்மாவுக்குத் தெரியவில்லை.

அம்மாவும் என்னைவிடக் குறைந்த சந்தேகக்காரி இல்லை, ஆனால் அவள் சந்தேகமெல்லாம் தட்டின் மேல்தான். பரிமாற வந்த பெண்ணிடம், இதில் மாட்டுக் கொழுப்பு உண்டா, பன்றிக் கொழுப்பு உண்டா, எந்த எண்ணெயில் பொரித்தீர்கள் என்று போலீஸ் மாதிரி விசாரித்தாள். கடைசியில் ரொட்டியோடு சிவப்பாக ஒரு ஜாம் வந்தது. நாக்கில் வைத்ததும் அவள் முகம் மாறிவிட்டது. அது சப்பாத்திக்கள்ளிப் பழம். "எங்க காட்டு வேலியில ஆடு கூடத் தொடாதுடி இதை, இவன் பாட்டில்ல போட்டு விக்கிறான்" என்று சிரித்தாள். அப்பா திரும்பி வந்தபோது டை சட்டைப் பையில் சுருண்டு கிடந்தது. போன காரியம் என்ன ஆயிற்று என்று அம்மா கேட்கவே இல்லை. தட்டை அவர் பக்கம் தள்ளி, "இது என்னன்னு சொல்லுங்க பார்க்கலாம்" என்றாள். அப்பா ஒரு வாய் சாப்பிட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் யோசித்து, "கள்ளிப் பழம்!" என்று கத்தினார். இருவரும் சிரித்த சிரிப்பில் பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

அல்புகர்க்கியிலும் இதே கதை. அங்கே எண்ணெயில் உப்பிய பூரி மாதிரி ஒன்று, தொட்டுக்கொள்ளத் தேன். உருளைக்கிழங்கு இல்லாமல் பூரியா என்று அம்மா முதலில் முறைத்தாள். பிறகு கூடை காலியானது. அப்பா வந்தார், டை பைக்குள் இருந்தது, பூரியின் வயிற்றைக் கிழித்துத் தேனை ஊற்றினார். அமரில்லோவில் சோள மாவில் புரட்டிப் பொரித்த வெண்டைக்காய். அன்று அப்பா சரியாகச் சாப்பிடவில்லை. அம்மா அவர் கையில் ஒவ்வொன்றாக எடுத்து வைத்துக்கொண்டே, இதற்குத் தயிர் இருந்தால் எப்படி இருக்கும் என்று சத்தமாகக் கற்பனை செய்துகொண்டிருந்தாள். எனக்குப் பயமாகத்தான் இருந்தது. ஊருக்கு ஊர் டை கட்டிக்கொண்டு மறைகிற ஆள், எதுவும் கேட்காத கூட்டாளி, டிக்கியில் போர்வைக்குள் பதுக்கிய பொருள். டிவியில் இப்படிப்பட்டவர்களைக் கடைசியில் பிடித்துவிடுகிறார்கள்.

டாலஸ் பக்கத்தில் காப்பெல் என்ற ஊரில் அப்பாவின் காலேஜ் நண்பர் இருந்தார். அந்த அங்கிள் வீட்டில் இரண்டு நாள் தங்குவதாகத் திட்டம். உள்ளே நுழையும்போதே சமையலறையில் கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது. அம்மா செருப்பைக் கழற்றிய கையோடு உள்ளே போய் மாவை வழித்து, கல்லைக் கழுவிக் கொடுத்தாள். அங்கிளின் மனைவி, பொள்ளாச்சிப் பக்கத்து ஆண்ட்டி, பத்து வருடப் பழக்கம் போலப் பேசினார். "நியூயார்க் பார்க்கப் போறோம்" என்று அப்பா அங்கிளிடம் சொன்னார். வேலையைப் பற்றிக் கேட்டபோது, "பிஸிதான்டா" என்றார்.

சாயங்காலம் பெட்டிகளை இறக்க அங்கிள் டிக்கியைத் திறந்தார். ஆண்ட்டியும் கூட வந்திருந்தார். போர்வை மூட்டையை நகர்த்தப் பார்த்த அங்கிள், "என்னடா இது, கல்லு மாதிரி கனக்குது?" என்றார். கார் சாமான் என்று அப்பா அவசரமாகச் சொன்னார். ஆண்ட்டி போர்வையை ஒரு தடவை பார்த்தார், பின்சீட்டில் கூரை வரை அடுக்கியிருந்த தலையணைகளைப் பார்த்தார், அம்மாவின் முகத்தைப் பார்த்தார். அப்புறம், மீதியெல்லாம் உள்ளேயே இருக்கட்டும் என்று அவரே டிக்கியை மூடினார். கோயம்புத்தூர் ஜில்லாக்காரியிடம் கிரைண்டரைப் போர்வைக்குள் மறைக்க முடியாது என்பது பாவம் அப்பாவுக்குத் தெரியவில்லை.

மூன்றாம் நாள் காலை, நாங்கள் கிளம்பத் தயாராக நின்றபோது ஆண்ட்டி கையைப் பிசைந்துகொண்டு வந்தார்.

"ஏனுங்க, எங்க கிரைண்டர் ரிப்பேராயிப் போச்சுங்க. அடுத்த வாரம் வீட்டுல பூஜை, ஏகப்பட்ட பேர் வர்றாங்க. உங்களுது கார்லதான இருக்கும்? எறக்கி வெச்சு, நீங்களும் கூட இருந்து அரைச்சுக் குடுத்துட்டுத்தான் போவோணும்."

கார்லதான இருக்கும்! ஏதோ எல்லோரும் ஸ்டெப்னி டயர் மாதிரி கிரைண்டர் வைத்துக்கொண்டு சுற்றுவதைப் போல. எனக்கு ஆண்ட்டி மேலும் சந்தேகம் விழுந்துவிட்டது. நாங்கள் வந்த அன்று அது நன்றாக ஓடியதை நான் பார்த்திருக்கிறேன். நேராகச் சமையலறைக்குப் போனேன், துணியை விலக்கினேன், சுவிட்சைத் தட்டினேன். வெறும் கிரைண்டர் வீடே அதிரும்படி கடகடவென்று ஓடியது.

"இட்ஸ் வொர்க்கிங்!" என்று கத்தினேன். ஒரு பொய்யைக் கையும் களவுமாகப் பிடித்த சந்தோஷம்.

நாலு பேரும் சமையலறை வாசலில் வந்து நின்றார்கள். அங்கிள் ஜன்னலைப் பார்த்தார். அப்பா தரையைப் பார்த்தார். ஆண்ட்டி மட்டும் தயங்காமல், "வெறும்னே ஓடுங் கண்ணு. மாவு போட்டா நின்னுக்கும்" என்றார்.

அம்மா உள்ளே வந்து சுவிட்சை அணைத்தாள். திரும்பி நின்று புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பிறகு அப்பாவிடம், "ஏங்க, நம்மளுதை எறக்குங்க" என்றாள். அவள் குரல் எப்போதும் போல இல்லை. நான் ஆண்ட்டியை மாட்டிவைத்ததில் கோபம் என்று நினைத்தேன்.

பூஜை வந்தது, போனது. நாங்கள் போகவில்லை. "சும்மா வாடா, எங்க ஆபீஸைப் பார்த்துட்டு வரலாம்" என்று அங்கிள் தினமும் அப்பாவைக் கூட்டிக்கொண்டு போனார். அப்பா இப்போது வீட்டிலேயே, எல்லோர் முன்னாலும் டை கட்டினார். அம்மாவும் ஆண்ட்டியும் எங்கள் கிரைண்டரில் மாவு அரைத்தார்கள். பக்கத்திலேயே ஆண்ட்டியுடைய கிரைண்டர் துணி போர்த்திக்கொண்டு சும்மா நின்றது. அதை யாரும் ரிப்பேருக்கு எடுத்துப் போகவும் இல்லை, ஒரு முறைகூட மாவு போட்டுப் பார்க்கவும் இல்லை. நான் விடாமல் கண்காணித்தேன்.

ஒரு நாள் அப்பா டையைக் கழற்றாமலே வீட்டுக்கு வந்தார். அம்மா அன்றும் எதுவும் கேட்கவில்லை. தோசைக் கரண்டியோடு அப்படியே நின்றாள். அவர் ஆமாம் என்று தலையை ஆட்டினார். அந்த வாரமே காப்பெலில் இரண்டு தெரு தள்ளி ஒரு அபார்ட்மெண்ட் பார்த்தார்கள். நியூ ஜெர்சியை நாங்கள் பார்க்கவே இல்லை. அங்கே என்ன விசேஷம் என்று சாப்பிட்டும் பார்க்கவில்லை.

புது வீட்டுக்குப் போகிற அன்று அப்பா கிரைண்டரைப் போர்வை இல்லாமல் காரில் ஏற்றினார். ஆண்ட்டி வாசல்வரை வந்து அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்களுது போற நேரம் பார்த்து எங்களுது தானா சரியாயிருச்சுங்க" என்றார்.

அம்மா இப்போதாவது கண்டுபிடிப்பாள் என்று அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் பிடித்த கையை விடாமல், கண்ணெல்லாம் நிறைய, "நல்லவேளைங்க" என்றாள்.

பெரியவர்கள் யார் என்ன சொன்னாலும் நம்பிவிடுவார்கள் என்று நினைத்துக்கொண்டு நான் காரில் ஏறினேன்.